இழைமணி

தாவரம், விலங்கு, பூஞ்சை ஆகியவற்றின் உயிரணுக்களுள், உட்கருவுக்குப் புறத்தே குழம்புபோல் நிறைந்திருக்கும் சைட்டோபிளாசத்தில் ஊர்ந்தும் கிளைத்தும் ஒன்றோடொன்று கூடியும் பிரிந்தும் உலவுகின்றதும், உணவின் சத்தைப் பிராணவாயுவோடு சேர்த்துப் படிப்படியாகத் தகனம் செய்து, அதனால் விளையும் சக்தியை உயிரணு செலவிடத்தக்க வடிவில் ஆக்கித் தருகின்றதுமான நுண்ணுறுப்பு இழைமணி எனப்படும். மைட்டோகாண்டிரியன் என்ற மேல்நாட்டுப் பெயரும் இதே பொருளுடையது. கிரேக்க மொழியில் ‘மிட்டோஸ்’ என்றால் நூலிழை, ‘காண்ட்ரோஸ்’ என்றால் மணி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறோ அரைக் கூறோதான் இதன் அகலம். ஈரலின் உயிரணு ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைமணிகள் உண்டு. பாலூட்டிகளின் இரத்தத்தில் முதிர்ந்த சிவப்பணுவிலோ ஒன்றுகூட இல்லை. ஆகவே பிராணவாயுவைச் சுமப்பதே தொழிலாகக் கொண்ட அவ்வணு, தான் சுமக்கும் வாயுவில் சிறிதும் தன் எரிபொருளுக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

தருக்க நூலார் அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளுள், நேரே காணும் காட்சியையும் ஊகித்தறியும் கருதலையும் வேறு பிரித்துச் சொல்வர். இழைமணியின் வரலாற்றில் காட்சி முந்தி வந்தது. அதன் தொழில் இன்னதென்னும் துணிபு வந்து சேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. சாயந்தோய்த்து அதன் உருவத்தைக் கண்டவர்கள் ஒரு சாரார். சுவாசத்தின் ரசாயனத்தை அளந்து வந்தவர்கள் வேறொரு சாரார். இரு சாராரும் ஒரே பொருளைத்தான் ஆராய்கிறோம் என்பதை நெடுங்காலம் அறியாதிருந்தனர். இப்பிரிவு எவ்வாறு நீங்கிற்று என்பதே இவ்வுறுப்பின் வரலாறு.

முதற்கண் கண்டவர் இன்னார் என்று அறுதியிட்டுச் சொல்லல் அரிது. ஸ்விட்சர்லாந்தில் பிறந்து ஜெர்மனியில் ஆசிரியராக விளங்கிய ஆல்பர்ட் ஃபொன் கோலிக்கர், தசை நார்களினூடே கோவையாகக் கிடக்கும் மணிகளை 1857-இல் குறித்தெழுதினார். 1888-இல் பூச்சிகளின் தசையைப் பிரித்து அம்மணிகளை வெளியே எடுத்துத் தண்ணீரில் இட்டபோது அவை ஊறிப் பருப்பதைக் கண்டு, அவற்றைப் போர்த்திய சவ்வு ஒன்று இருத்தல் வேண்டும் என்று ஊகித்தார். ஆயினும் இவ்விஷயத்தை உலகறியச் செய்தவர் லைப்சிக் நகரத்து உடற்கூற்றாசிரியர் ரிச்சர்ட் ஆல்ட்மன். தாம் வகுத்த முறையில் பதப்படுத்திச் செந்நிறச் சாயமூட்டிய திசுக்கள் எல்லாவற்றிலும் இம்மணிகள் விளங்கித் தோன்றவே, அவர் 1890-இல் ‘மூல உயிரிகள்’ என்று பொருள்படும் நூலொன்றை வெளியிட்டு, ஒரு துணிவான சித்தாந்தத்தை நிலைநாட்ட முயன்றார். இம்மணிகள் உயிரணுவின் உறுப்புகள் அல்ல, பாக்டீரியங்களை ஒத்த தனி உயிர்களே; உயிரணு என்று நாம் வழங்குவது அவை கூடி வாழும் குடியிருப்பே என்பது அவர் கொள்கை. உட்கருவிலிருந்து கிடைக்கும் அமிலத்துக்கு நியூக்ளிக் அமிலம் என்று 1889-இல் பெயர் சூட்டியவரும் இவரே. எனினும் அப்புகழ் அவருடைய மணிக்கொள்கையைக் காக்கவில்லை. சாயத்தால் விளைந்த போலித் தோற்றங்களை உயிரென்று மயங்கினார் என்று சமகாலத்தவர் ஒதுக்கினர். 1900-இல் தம் நாற்பத்தெட்டாம் வயதில் அவர் இறந்தபோது அவருடைய சித்தாந்தத்தைப் பின்பற்றுவார் ஏறக்குறைய இல்லையென்றே சொல்லலாம்.

இப்பொழுது வழங்கும் பெயரை இட்டவர் பெர்லின் நகரத்துக் கார்ல் பென்டா. விந்தணு உருவாகும் முறையை ஆராய்ந்த அவர், சில வேளை இழையாகவும் சில வேளை மணியாகவும் தோன்றும் இப்பொருளுக்கு 1898-இல் மைட்டோகாண்டிரியன் என்று பெயர் வைத்தார். இது விலங்குகளுக்கே உரியதன்று என்பதை 1904-இல் ஃபிரீட்ரிக் மெவெஸ், வெள்ளாம்பல் பூவின் மகரந்தப்பையில் கண்டு வெளியிட்டார். ஆனால் சாயந்தோய்த்தல் என்பது பெரும்பாலும் உயிரணுவைக் கொன்று பதப்படுத்திய பின்னரே செய்யப்படுவதாகையால், பதப்படுத்தும் திரவத்தில் அசெட்டிக் அமிலம் மிகுமாயின் இழைமணிகள் கரைந்து மறைந்துபோகும். ஒருவர் கண்டதை மற்றொருவர் காணமாட்டாமல் வழக்காடுவர். ஒரே பொருளுக்குப் பல பத்துப் பெயர்கள் பெருகின. இக்குழப்பத்தினிடையே 1900-இல் லியோனர் மைக்கேலிஸ் என்னும் இளைஞர் செய்ததை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஜானஸ் பச்சை என்னும் சாயத்தைச் சிறிதளவே சேர்த்து, உயிரோடிருக்கும் அணுவிலேயே இழைமணிகள் நீலப்பச்சையாகத் துலங்குவதை அவர் காட்டினார். சுற்றிலும் நிறமிழக்கும் அச்சாயம் இழைமணியில் மட்டும் நிறமாறாது நிற்பதற்கு, பிராணவாயுவைக் கையாளும் நொதிகள் அங்கே இருப்பதே காரணம் என்பது முழுதும் விளங்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இழைமணி தன் தொழிலைத் தன் நிறத்தாலேயே அறிவித்தது. அம்மொழியை அறிவார் அப்போது இல்லை.

சுவாசத்தை ஆராய்ந்தோர் பக்கத்தில் நிகழ்ந்ததோ மனத்தை வருத்தும் கதை. உவுல்வர்ஹாம்ப்டன் என்னும் ஆங்கிலேயத் தொழில் நகரில் வைத்தியராயிருந்த சார்லஸ் மக்மன், வைத்தியத்தில் எஞ்சிய பொழுதைக் கொண்டு, நிறமாலை காட்டும் கருவியால் பலவகைப் பிராணிகளின் தசைகளை ஆராய்ந்து, இரத்தச் சிவப்பினின்றும் வேறான நிறப்பொருள் ஒன்று அவற்றில் இருப்பதையும், அது பிராணவாயுவோடு கூடியும் பிரிந்தும் சுவாசத்துக்கு உதவுவதையும் 1884 முதல் 1886 வரை எழுதிய கட்டுரைகளில் கூறினார். அக்காலத்து ரசாயனப் பேராசிரியர்களுள் தலைசிறந்தவரான ஹோப்பெ-செய்லர் அதை மறுத்து, இரத்தச் சிவப்பு சிதைந்து உண்டான பொருளே அது என்று எழுதவும், தொழில் நகரத்து வைத்தியரின் சொல் அவையேறாமற் போயிற்று. மக்மன் 1911-இல் இறந்தார். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, கேம்பிரிட்ஜில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்துகொண்டிருந்த டேவிட் கெய்லின், குதிரையின் இரைப்பையில் புழுவாய் வளர்ந்து பின்னர் ஈயாகப் பறக்கும் ஒரு பூச்சியின் செந்நிறம் எங்கே போகிறதென்று தேடுகையில், அந்த ஈயின் சிறகுத் தசையில் மக்மன் நிறமாலையில் கண்ட அதே நான்கு கரும்பட்டைகளைக் கண்டார். ஈஸ்ட்டைத் தண்ணீரில் கலந்து ஒரு குழாயில் வைத்துப் பார்த்தபோது பட்டைகள் தெளிவாகத் தெரிந்தன. குழாயைக் காற்றோடு குலுக்கியதும் அவை மறைந்தன. சற்றே அசையாது வைத்ததும் மீண்டன. சுவாசம் என்பது கண்ணெதிரே நிகழும் பிரத்தியட்சமாயிற்று. அந்த நிறப்பொருள்களுக்குச் சைட்டோகுரோம் என்று பெயரிட்டு 1925-இல் வெளியிட்ட கட்டுரையில், தமக்கு முன் அவற்றைக் கண்டவர் மக்மனே என்று கெய்லின் மனமுவந்து எழுதியது, அறிவுலகில் நேர்மைக்கு என்றும் எடுத்துக்காட்டாய் நிற்கத்தக்கது.

எரிக்கும் சாதனம் தெரிந்தது; எரித்துப் பெற்ற சக்தி எவ்வுருவில் சேமிக்கப்படுகிறது? ஏ.டி.பி. என்று சுருக்கி வழங்கும் பாஸ்பரஸ் கூட்டுப்பொருளே அவ்வுரு. அதை 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில், அவரைச் சாராமல், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் கண்டு வெளியிட்டனர். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராயிருந்து, 1923-இல் பாஸ்டன் சென்றவர். உயிர்ப்பொருளில் உள்ள பாஸ்பரஸை நிறத்தின் அடர்த்தி கொண்டு அளக்கும் முறையை ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1925-இல் அவர் வகுத்துத் தந்தார். பின்னர் உலகத்து ஆய்வுக்கூடங்கள் யாவும் அம்முறையைக் கைக்கொண்டன. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் ஊர்தோறும் வழங்கப்பட்ட டைஎதில்கார்பமசின் மாத்திரை, பிற்காலத்தில் அவர் மேற்பார்வையில் உருவான மருந்தேயாகும். இத்தகைய ஒருவரை நம் பள்ளிப் பிள்ளைகள் பெயரளவிலேனும் அறியாதிருப்பது பெருங்குறை.

1937-இல், நாஜிகளால் ஜெர்மனியை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் கிரெப்ஸ், புறாவின் மார்புத் தசையைக் கொண்டு செய்த பரிசோதனைகளால், உணவின் கரி எல்லாம் சிட்ரிக் அமிலத்தில் தொடங்கிச் சுற்றிவரும் ஒரு வட்டத்தில் எரிந்து முடிவதை நிறுவினார். ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்னர், சுவாசத்தின் ரசாயனம் பெரும்பாலும் தெரிந்திருந்தது. அது உயிரணுவின் எப்பகுதியில் நிகழ்கிறது என்பது மாத்திரம் தெரியவில்லை. ஆட்டோ வார்பர்க் 1913-லேயே கினிப்பன்றியின் ஈரலைப் பிழிந்தெடுத்த சாற்றில் பிராணவாயுவை உட்கொள்வது அதிலுள்ள மணிகளே என்று கண்டிருந்தும், அம்மணிகளும் பென்டாவின் இழைமணிகளும் ஒன்றே என்று ஒருவரும் நிரூபித்தாரில்லை.

நிரூபிப்பதற்கு ஒரே வழி, இழைமணியை உருக்குலையாமல் வெளியே எடுத்து, தனியே வைத்துச் சோதிப்பதுதான். அவ்வழியைத் திறந்தவர் பெல்ஜியம் நாட்டில் பிறந்து நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் கிளாடு. கோழிக்குப் புற்றுநோயை உண்டாக்கும் நச்சுயிரியைப் பிரித்தெடுக்க முயன்ற அவர், அரைத்த திசுவை மையவிலக்கு எந்திரத்தில் இட்டுச் சுழற்றினார். கனத்த உட்கருக்கள் முதலிலும், அவற்றினும் இலேசான இழைமணிகள் பின்னரும், மிக நுண்ணிய துகள்கள் கடைசியிலும் அடியில் படியும் என்பதைக் கண்டு, அரைத்த உயிரணுவை அதன் உறுப்புகளாகத் தரம் பிரிக்கும் கலையை வகுத்தார். ஆனால் அவர் கையாண்ட உப்புநீரில் இழைமணிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு உருக்கெட்டன. 1948-இல் அதே ஆய்வுக்கழகத்தினரான ஹோகபூம், ஷ்னைடர், பலாடி மூவரும் உப்பை விடுத்துச் சர்க்கரையை எடுத்தனர். லிட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் கரும்புச் சர்க்கரை கரைந்த, இளம்பாகு போன்ற அத்திரவத்தில் எலியின் ஈரலை அரைத்துப் பிரித்தபோது, இழைமணிகள் உயிரணுவுக்குள் இருந்தபடியே நீண்ட கோல்வடிவோடு வெளிவந்தன. மைக்கேலிஸின் ஜானஸ் பச்சையையும் ஏற்றன. அந்நாட்களிலேயே சிகாகோவில் யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிங்கரும், பிரித்தெடுத்த இழைமணிகள் தாமாகவே கிரெப்ஸின் வட்டத்தை முழுதும் நடத்துவதையும், கொழுப்பை எரிப்பதையும், எரித்த சக்தியைக் கொண்டு ஏ.டி.பி.யை ஆக்குவதையும் காட்டினர். காட்சியும் கருதலும் சந்தித்தன. இந்தச் சந்திப்பை நிகழ்வித்தது பெருஞ்செல்வத்தால் அமைத்த எந்திரமன்று, அடுக்களைச் சர்க்கரை என்பதை நினைக்குந்தோறும் வியப்பு அடங்குவதில்லை.

ஒளியைக்கொண்டு பார்க்கும் நுண்ணோக்கிக்கு எட்டாத அமைப்பை எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியது. கிளாடும் கீத் போர்ட்டரும் எர்னஸ்ட் ஃபுல்லமும் கோழிக்கருவின் முழு உயிரணு ஒன்றை அக்கருவியால் எடுத்த படம் 1945-இல் வெளியாயிற்று. ருமேனியாவில் பிறந்த ஜார்ஜ் பலாடி 1952-லும், சுவீடன் நாட்டு ஃபிரிட்யோஃப் ஷோஸ்ட்ராண்ட் 1953-லும் மிக மெல்லிய சீவல்களில் இழைமணியின் உள்ளமைப்பைக் கண்டனர். வெளியே வழவழப்பான ஒரு சவ்வு. அதனுள்ளே, இடம் போதாமல் மடித்துத் திணித்த துணிபோல், மடிப்பு மடிப்பாக உள்நோக்கி நீண்ட மற்றொரு சவ்வு. அதற்கும் உள்ளே நொதிகள் செறிந்த திரவம். ஓயாமல் துடிக்கும் இதயத் தசையில் இம்மடிப்புகள் மிக நெருங்கியிருக்கும். கிரெப்ஸின் வட்டம் நடுத்திரவத்தில் சுழல்கிறது. கெய்லினின் சைட்டோகுரோம்கள் உட்சவ்வைச் சார்ந்து எலெக்ட்ரான்களைக் கைமாற்றுகின்றன.

அக்கைமாற்றத்துக்கும் ஏ.டி.பி. உண்டாவதற்கும் உள்ள சம்பந்தம் யாது என்பது அடுத்த இருபதாண்டுகளின் பெரும்பிணக்கு. இடையே உயர்சக்தி வாய்ந்த ஒரு ரசாயனப் பொருள் தோன்றி மறைவதாக எண்ணி, அதைப் பலரும் தேடினர், அகப்படவில்லை. அப்படியொரு பொருளே இல்லையென்று, எடின்பரோவில் பணியாற்றிய பீட்டர் மிட்செல் 1961-இல் கூறினார். எலெக்ட்ரான்கள் கைமாறும்போது புரோட்டான்கள் உட்சவ்வுக்கு அப்பால் இறைக்கப்பட்டுத் தேங்குகின்றன. அணைக்குப் பின்னே தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து சக்கரத்தைச் சுழற்றுவதுபோல், அவை திரும்பப் பாயும் வேகமே ஏ.டி.பி.யை ஆக்குகின்றது என்பது அவர் தத்துவம். உடல்நலம் குன்றி எடின்பரோவை விட்டு நீங்கிய அவர், கார்ன்வாலில் பாழடைந்து கிடந்த ஒரு மாளிகையைப் புதுப்பித்து, ஜெனிஃபர் மோய்ல் என்னும் அம்மையாரின் துணையோடு அங்கேயே ஆய்வு நடத்தி, ஆட்சேபங்களுக்கு ஒவ்வொன்றாக விடையிறுத்தார். சவ்வின் இருபுறத்துக்கும் இடையே ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் மின்னழுத்த வேறுபாடு நிலவுவது உறுதியாயிற்று. 1978-இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது.

மதகும் சக்கரமும் உவமையளவில் நின்றுவிடவில்லை. உட்சவ்வில் குமிழ்போல் பதிந்துள்ள நொதி உண்மையாகவே சுழல்கிறது என்று பால் பாயர் கருதினார். மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த அந்நொதியின் அணு அமைப்பை ஜான் வாக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994-இல் வெளியிட்டனர். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவ்வகை நொதியின் அச்சில் ஒளிரும் இழையொன்றைக் கட்டி, ஏ.டி.பி.யை ஊட்டியபோது, அவ்விழை இடஞ்சுழியாகச் சுற்றுவதை நுண்ணோக்கியின் வழியே கண்ணாரக் கண்டனர். ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகள். ஒரு மனித உடல் ஒரு நாளில் ஆக்கிச் செலவிடும் ஏ.டி.பி., ஏறத்தாழ அவ்வுடலின் எடைக்கே ஈடாகும். ஆக்கியதை உடனே செலவிட்டுச் செலவிட்டதை உடனே புதுப்பிப்பதால்தான் இது இயலுகிறது.

இனி ஆல்ட்மனிடம் மீள வேண்டும். 1963-இல் ஸ்டாக்ஹோமில் மார்கிட் நாஸும் சில்வன் நாஸும் கோழிக்கருவின் இழைமணிகளுக்குள் டி.என்.ஏ. இழைகள் இருப்பதைக் கண்டனர். உட்கருவுக்கே உரியதென்று கருதிய பரம்பரைப் பொருள் இழைமணிக்கும் தனியே உண்டென்றால், அது எங்கிருந்து வந்தது? 1920-களில் அமெரிக்கரான ஐவன் வாலின், இழைமணிகள் பாக்டீரியங்களின் வழித்தோன்றல்களே என்று எழுதி, அவற்றை உடலுக்குப் புறத்தே வளர்த்துக் காட்டினேன் என்றும் கூறி, பின்னது தவறாகையால் முன்னதற்கும் நம்பிக்கையை இழந்திருந்தார். ஏறத்தாழ பதினைந்து இதழ்கள் திருப்பியனுப்பிய பின், 1967-இல் லின் மார்குலிஸின் கட்டுரை வெளியாயிற்று: பண்டைக்காலத்தில் பிராணவாயுவைச் சுவாசிக்கும் பாக்டீரியம் ஒன்று மற்றோர் உயிரணுவுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் அங்கேயே குடியேறி, இழைமணியாயிற்று என்பது அவர் துணிபு. சான்றுகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. இழைமணியின் டி.என்.ஏ. பெரும்பாலும் பாக்டீரியத்தினுடையதுபோல் வளையமாயிருக்கிறது. அதன் புரத ஆக்கத்தைப் பாக்டீரியத்தைத் தடுக்கும் குளோரம்ஃபெனிகால் தடுக்கிறது. பழைய இழைமணி பிரிவதால் அன்றிப் புதிய இழைமணி தோன்றுவதில்லை. 1998-இல் டைபஸ் காய்ச்சலை உண்டாக்கும் ரிக்கட்சியாவின் மரபுத்தொகுதியைப் படித்தபோது, அது இழைமணிக்கு நெருங்கிய உறவென்பதும் வெளிப்பட்டது. ஆல்ட்மன் சொன்னதில் பாதி மெய்: இவை ஒரு காலத்தில் தனி உயிர்களாயிருந்தன. மற்றப் பாதி பொய்: இப்பொழுது இவை உயிரணுவை விட்டு வாழமாட்டா, இவற்றின் மரபணுக்களிற் பெரும்பாலானவை உட்கருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

எஞ்சியவை எத்தனை என்பதை 1981-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எண்ணி முடித்தனர். மனித இழைமணியின் டி.என்.ஏ.யில் எழுத்துகள் 16,569; மரபணுக்கள் 37; அவற்றுள் புரதங்களுக்குரியவை 13. இவை தாயிடமிருந்தே குழந்தைக்கு வருகின்றன. தந்தையின் விந்தணு கொணரும் இழைமணிகள் கருவில் அழிக்கப்படுகின்றன. ஆகவே மனித இனத்தின் தாய்வழியைப் பின்னோக்கித் தேடுவோர்க்கு இது ஏற்ற ஏடாயிற்று. ஐதராபாத் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் அவர் குழுவினரும் அந்தமானின் ஒங்கே மக்களுடைய தாய்வழி மரபு நெடுங்காலம் தனித்தே நின்றதென்பதை 2005-இல் இதைக்கொண்டே காட்டினர். எழுத்துப் பிழையால் விளையும் நோய்களும் தாய்வழியே வருகின்றன: இளம்பருவத்தில் பார்வையைப் பறிக்கும் லீபர் நோய்க்கு இவ்வேட்டில் ஒரே ஓர் எழுத்து மாறியதே காரணம் என்பது 1988-இல் தெரியவந்தது. இப்பிழையுள்ள தாய்க்கு வேறொரு பெண்ணின் இழைமணிகளைக் கொண்டு குழந்தை பிறப்பிக்கும் முறைக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2015-இல் இசைவளித்தது. உயிரணுவைச் சாகச்செய்யும் ஆணையிலும் இழைமணிக்குப் பங்குண்டு: கெய்லின் கண்ட சைட்டோகுரோம்களுள் ஒன்று சவ்வைக் கடந்து வெளியேறுமாயின், உயிரணு தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளத் தொடங்குகிறது என்பதை 1996-இல் ஷியாடாங் வாங்கும் அவர் குழுவினரும் கண்டனர்.

‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்ற ஒற்றைத் தொடரை மனப்பாடம் செய்வித்து இவ்வுறுப்பைக் கடந்து செல்லும் வழக்கம் நம் வகுப்புகளில் உண்டு. விஞ்ஞான ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வெங்காயத்தின் உட்தோலை உரித்துக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, ஜானஸ் பச்சைக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பொறுத்து, பள்ளியில் உள்ள நுண்ணோக்கியின் மிகுதியான பெருக்கத்தில் மாணவர்களைப் பார்க்கச் செய்யுங்கள். உயிரோடிருக்கும் அணுவில் நீலப்பச்சைப் புள்ளிகள் தெரியும். நிறம் நெடுநேரம் நில்லாது, ஆகையால் தாமதியாமல் ஒவ்வொருவரையும் அழைத்துக் காட்டுங்கள்.